5000 வொட் பெட்டியும் பின்பக்க லேபலும்

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் காசு சேர்த்துச் சாமான் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களாவது கடைசி வரை வாசித்து விடுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கென்று பெற்றோரிடம் காசு சேர்த்து ஒரு அம்ப்ளிபயர் செட் வாங்கினோம். 58,000 ரூபா. கூலி வேலைக்குப் போகும் வாப்பாமார் நூறு, இருநூறு என்று தந்ததும் அதில் இருக்கிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் 5000 வொட் என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த செட் 3000 வொட். விலையில் நாலாயிரம்தான் வித்தியாசம். யோசிக்கவே இல்லை, பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

போட்டியன்று அஞ்சலோட்டத்துக்கு மைதானத்தின் மறுகரையில் நின்ற பிள்ளைகளுக்குப் பெயர் கூப்பிட்டது கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டக் கூட்டக் கரகரப்புத்தான் கூடியது. பதினொரு மணியளவில் ஒரு பொக்ஸின் ட்வீட்டர் எரிந்து மணம் வந்தது. கடைசியில் பள்ளிவாசலில் ஒதுக்கி வைத்திருந்த பழைய 40 வொட் அம்ப்பையும் இரண்டு ஹோர்னையும் கேட்டு வாங்கிக் கட்டினோம். மைதானம் முழுக்கக் கேட்டது.

கடைக்காரரிடம் சொன்னபோது, "இது உள்ளுக்குப் பாவிக்கிற செட் சேர்" என்றார். வாங்கும்போது அப்படிச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, தரம் 11 மாணவி ஒருத்தி. திங்கட்கிழமை விஞ்ஞான கூடத்தில் செட்டைக் கவிழ்த்துப் பின்பக்க லேபலை வாசித்தாள். 230 வோல்ட், 65 வொட். "சேர், 65 வொட் எடுத்து 5000 வொட் எப்படி வெளியே வரும்?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. வலு என்றால் வோல்ற்றளவைத் தர மின்னோட்டம் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவர்கள் நாங்கள்தான். வீட்டுச் சுவரில் இருக்கும் 13 அம்பியர் பிளக்கால் எடுக்கக் கூடியதே 230 தர 13, அதாவது 2990 வொட். 5000 வொட்டைத் தொடர்ந்து தரும் செட் என்றால் அந்தப் பிளக் தாங்காது. இந்தக் கணக்கைக் கடையில் நின்று மனதாலேயே போட்டிருக்கலாம்.

பெட்டியில் இருக்கும் எண்ணுக்குப் பெயர் பீஎம்பீஓ. செட்டின் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் கண நேரத்துக்கு மட்டும் தரக்கூடிய உச்சத்தைக் கணக்கில் எடுத்து, எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்துக் கூட்டி, அதையும் ஊதிப் பெருப்பித்து எழுதுவது. எப்படி அளக்க வேண்டும் என்று அதற்கு எந்த நியமமும் கிடையாது. ஒரு பந்தில் சிக்ஸர் அடித்தவன் 20 ஓவரில் 720 ஓட்டம் எடுப்பான் என்று போஸ்டர் ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படித்தான். நமக்குத் தேவை தொடர்ச்சியாகத் தரும் வலு. கடைகளில் அதை ஆர்எம்எஸ் வொட் என்பார்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து அளந்தும் பார்த்தோம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 8 ஓம் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, போனில் இருந்து 100 ஹேர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, ஒஸிலஸ்கோப்பில் அலையின் தலை வெட்டுப்படும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி மல்ரிமீற்றரைப் பார்த்தோம். 11 வோல்ட். 11ஐ 11ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 15 வொட். இரண்டு பக்கமும் சேர்த்து 30. விளக்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டு வாசிக்கும் எழுத்தில், 20 வொட் வீதம் இரண்டு என்று இருந்தது. அதுவும் ஒலி 10 வீதம் சிதைந்த நிலையில். ஆக, அந்த எண்ணில்கூடக் கொஞ்சம் தண்ணீர் கலந்துதான் இருக்கிறது.

ட்வீட்டர் எரிந்ததற்கும் இதுதான் காரணம். சக்தி போதாத அம்ப்பை முழுதாகத் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. அப்போது அந்த அம்ப் சுத்தமாகத் தருவதைவிட இரண்டு மடங்கு வரை வலு ஸ்பீக்கருக்குப் போகலாம். அதில் கணிசமானது மேல் ஸ்தாயியில், அதாவது ட்வீட்டரின் தலையில் வந்து விழும்.

பழைய ஹோர்ன் எப்படி வென்றது? சாதாரண பொக்ஸ் ஒன்று 1 வொட்டுக்கு 1 மீற்றரில் சுமார் 88 டெசிபல் தரும். 15 வொட் கொடுத்தால் 100. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். 64 மீற்றரில் மிஞ்சுவது 64 டெசிபல், இரண்டு பேர் பக்கத்தில் இருந்து கதைக்கும் அளவு. மர்வா இல்லத்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் அது எங்கே கேட்கும்? நல்ல ஹோர்ன் அதே 1 வொட்டுக்கு 105 டெசிபல் தரும். அதனால் வொட்டோடு ஸ்பீக்கரின் டெசிபல் எண்ணையும் கேட்க வேண்டும். பத்து மடங்கு வொட் கொடுத்தால்தான் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும்.

திரீவீலரில் செட் போடும் தம்பிமாருக்கும் ஒன்று. முகப்பில் 50 வொட் வீதம் நாலு என்று இருக்கும். 14.4 வோல்ட் பற்றரியில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகப் போகக் கூடியது ஏறத்தாழ 26 வொட்தான். 50 என்பது அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்ட பிறகு வரும் கணக்கு. பெரிய பெயருள்ள கம்பனிகளும் இதைத்தான் எழுதுகின்றன.

கடைக்காரர்களை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. ஒருவர் நேர்மையாக "30 வொட்" என்று எழுதி வைத்தால் நாமே அவரைத் தாண்டிப் போய்ப் பக்கத்துக் கடையில் 5000 வாங்குகிறோம். நிறுவையில் குறைப்பதைப் பற்றி ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அரிசிக் கடைத் தராசுதான் நினைவுக்கு வரும். வொட்டும் ஓர் அளவைதான் என்று தோன்றுவதில்லை.

அமெரிக்காவில் 1974 இலேயே வீட்டு அம்ப்ளிபயருக்கு விதி கொண்டு வந்தார்கள். தொடர் வலுவை எந்த ஓமில், எவ்வளவு சிதைவோடு அளந்தோம் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்யலாம். 2024 இல் அதை இன்னும் இறுக்கினார்கள். நம் நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். ஆனால் முறையிடக் கையில் ஆதாரம் வேண்டும். எங்கள் பில்லில் "அம்ப் செட் 1" என்று மட்டும் இருந்தது.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் ஜமாஅத் நிர்வாகத்துக்கும் எங்கள் கோரிக்கை இது. ஊர்க் காசில் ஒலிபெருக்கி வாங்கினால் பில்லில் ஆர்எம்எஸ் வொட் எத்தனை, எத்தனை ஓமில் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த 5000 எவ்வளவு என்று உங்களுக்கே விளங்கிவிடும். ஸ்பீக்கர் பொக்ஸில் 1000 வொட் பீக் என்றிருந்தால் தொடர் வலு பொதுவாக அதில் கால்வாசி, 250 என்று வையுங்கள். பணம் கொடுக்க முன்னர் செட்டைத் திருப்பிப் பின்பக்க லேபலையும் ஒருமுறை வாசியுங்கள்.

எங்கள் செட் இப்போது தரம் 5 வகுப்பறையில் இருக்கிறது, அங்கே நன்றாகவே கேட்கிறது. ரெசிஸ்டரும் மீற்றரும் விஞ்ஞான கூடத்தில் இருக்கின்றன. புதிதாகச் செட் வாங்கியவர்கள் வியாழன் பின்னேரம் மூன்று மணிக்குக் கொண்டு வாருங்கள், பிள்ளைகள் அளந்து தருவார்கள். பெட்டியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.