பேண்ட் பாக்கெட்டில் கம்பெனி!

"மாமா, நீங்க பி.காம்.தானே?" என்று ஆரம்பிக்கிற பேச்சு நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை நத்தம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அக்கா மகன் அப்படித்தான் ஆரம்பித்தான்.

பையன் ஒரு ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் விற்பனைக் கணக்குப் பார்க்கிறான். வேறொரு கம்பெனி மாசம் நாலாயிரம் கூடுதலாகத் தருகிறதாம். ஆனால், முதலில் சேரும்போது பதினாலு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"படிச்சுப் பாத்தியாடா?"

"கடைசிப் பக்கம் படிச்சேன் மாமா. அதுலதானே கையெழுத்து!"

வாங்கிப் பார்த்தேன். வேலையை விட்டபின் ரெண்டு வருஷம் இதே தொழிலில் எங்கேயும் சேரக்கூடாது என்று ஒரு ஷரத்து. கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்லவோ, சொந்தமாக உபயோகிக்கவோ கூடாது என்று இன்னொன்று. பையனுக்கு முதலாவதைப் பார்த்துத்தான் தூக்கம் போயிருக்கிறது. பயப்பட வேண்டியது ரெண்டாவதுக்கு.

1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 27-வது பிரிவு. ஒருத்தர் நியாயமான தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. நம்ம பந்துவீச்சாளர் ஜாகீர்கான் 2000-ல் ஒரு விளம்பர ஏஜென்ஸியோடு மூணு வருஷ ஒப்பந்தம் போட்டார். அது முடிந்த பிறகும், வேறு இடத்தில் பேரம் பேசினால் முதலில் எங்களிடம் காட்ட வேண்டும் என்றார்கள். 2006-ல் சுப்ரீம் கோர்ட், ஒப்பந்தம் முடிந்த பிறகு அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றுவிட்டது.

பையன் முகத்தில் வெளிச்சம். எனக்கு இன்னொரு டீ சொன்னான். அந்தச் சந்தோஷத்தில் செல்போனைத் தட்டிக் காட்டினான். "எந்தக் கடைக்கு எந்த ரேட்டு, எவ்வளவு கழிவு, எல்லாம் இதுல இருக்கு மாமா. புது இடத்துல பெரிய ஆளாயிடுவேன்."

அடப்பாவி!

1995-ல் டெல்லி ஹைகோர்ட்டில் பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் வழக்கு. தபாலில் ஆர்டர் பிடித்து சாமான் விற்கிற கம்பெனி. வெளியே போன ஊழியர் வாடிக்கையாளர் விலாசப் பட்டியலை எடுத்துக்கொண்டு அதே வியாபாரம் ஆரம்பித்தார். அந்தப் பட்டியலை உபயோகிக்கக் கூடாது என்று கோர்ட் தடை போட்டது. விலாசம் பொதுவாக இருக்கலாம். காசும் உழைப்பும் போட்டுத் தொகுத்தது கம்பெனி.

"அப்ப நான் கத்துக்கிட்டது?"

துணி பார்த்துத் தரம் சொல்வது, கடைக்காரரிடம் பதமாகப் பேசுவது, கணக்கு எழுதுவது எல்லாம் உன்னுடையது. யாரும் திருப்பிக் கேட்க முடியாது. ரேட்டுப் பட்டியல் அவர்களுடையது. வேலையை விட்டாலும் அந்த ஷரத்து உன்னை விடாது.

புது இடத்திலும் ஒரு காகிதம் நீட்டுவார்கள். எது ரகசியம், எத்தனை வருஷத்துக்கு, எந்த வேலைக்கு மட்டும் உபயோகிக்கலாம், ஊருக்கே தெரிந்த விஷயத்துக்கு விலக்கு உண்டா... இந்த நாலையும் பார்த்துவிட்டுப் பேனாவைத் திற. வியாபார ரகசியத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2024-ல்தான் சிபாரிசு செய்தது. அதனால் நீ கையெழுத்துப் போடுகிற காகிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

பையன் பெருமூச்சோடு ஒவ்வொன்றாக அழித்தான். கடைசியில் விரல் நின்றது.

"ஒரே ஒரு நம்பர் மட்டும் வச்சுக்கலாமா மாமா? கடைக்காரர் இல்ல. பில் போடுற செக்‌ஷன்..."

அது கம்பெனி ரகசியத்தில் சேராது. அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்றுதான் யோசிக்கிறேன்.