எச்.சி.எல்.டெக்: ஏ.ஐ. வருமானம் 10 கோடி டாலரைத் தாண்டியது... பங்கு வைத்திருப்பவர்கள் எதைக் கவனிக்கணும்?

மதுரை இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பூங்காவில் எச்.சி.எல்.டெக் நிறுவனத்துக்கு வளாகம் இருக்கிறது. சமயநல்லூர், வாடிப்பட்டி பக்கத்து இன்ஜினியரிங் பட்டதாரிகளுக்கு அது ஊரை விட்டுப் போகாமல் கிடைக்கக்கூடிய ஐ.டி. வேலை. அதே நிறுவனம் இப்போது ஏ.ஐ. பக்கம் வேகமாகத் திரும்புகிறது. இதனால் பங்குதாரர்களுக்கு லாபமா, வேலை தேடுபவர்களுக்கு நஷ்டமா? எளிமையாகப் பார்க்கலாம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாகப் பங்கு வாங்காதவர்களுக்கும் சம்பந்தம் உண்டு. நிஃப்டி 50, சென்செக்ஸ் இரண்டிலுமே எச்.சி.எல்.டெக் இருக்கிறது. மாதம் 500 ரூபாய் எஸ்.ஐ.பி.யில் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்குக் கட்டுபவரின் பணத்திலும் ஒரு சிறு பங்கு இங்கேதான் போகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

2025 ஜூலை - செப்டம்பர் காலாண்டில் வருமானம் 31,942 கோடி ரூபாய். முந்தைய ஆண்டின் இதே காலாண்டைவிட 10.7% அதிகம். ஆனால் நிகர லாபம் 4,235 கோடி ரூபாய். போன வருஷமும் கிட்டத்தட்ட இதே தொகைதான்! அதாவது, வியாபாரம் கூடியது, லாபம் கூடவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கு. டாலர் கணக்கில் வளர்ச்சி 5.8% மட்டுமே. மீதி, ரூபாய் மதிப்பு இறங்கியதால் வந்தது. வாடிக்கையாளர்கள் டாலரில் பணம் தருவதால், ரூபாய் சரிந்தால் கணக்குப் புத்தகத்தில் வருமானம் தானாகவே பெரிதாகத் தெரியும். அதை உண்மையான வளர்ச்சி என்று நினைத்துவிடக் கூடாது.

ஏ.ஐ. எவ்வளவு சம்பாதிக்கிறது?

அந்தக் காலாண்டில் 'அட்வான்ஸ்டு ஏ.ஐ.' வருமானம் 10 கோடி டாலரைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது. பல நிறுவனங்கள் ஏ.ஐ. என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தொகையைச் சொன்னதே முக்கியமான விஷயம்தான். ஆனால் மொத்த வருமானம் சுமார் 364 கோடி டாலர். ஆக, அந்தக் காலாண்டில் 100 ரூபாய் வருமானத்தில் ஏ.ஐ. தந்தது 3 ரூபாய்க்கும் குறைவு.

அப்போ சிக்கல் எங்கே?

மிச்சமுள்ள 97 ரூபாயில்தான். இந்திய ஐ.டி. நிறுவனங்களின் பழைய கணக்கு சுலபமானது. இத்தனை பேர், இத்தனை மணி நேரம், இவ்வளவு டாலர். ஆள் கூடினால் வருமானம் கூடும். இப்போது 10 பேர் செய்த வேலையை ஏ.ஐ. உதவியோடு 7 பேர் செய்தால், 'அந்த மிச்சத்தை எங்களுக்குக் கட்டணக் குறைப்பாகக் கொடுங்கள்' என்று வாடிக்கையாளர் கேட்பார். கொடுத்தால் வருமானம் குறையும். கொடுக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்.

இதை நிறுவனமும் மறைக்கவில்லை. 30 வருஷமாக ஓடிய இந்த மாடல் இனி ஓடாது என்றும், பாதி ஆட்களை வைத்து இரு மடங்கு வருமானம் ஈட்ட முடியுமா என்று தன் குழுக்களிடம் கேட்பதாகவும் தலைமைச் செயல் அதிகாரி சி.விஜயகுமார் 2025 தொடக்கத்திலேயே பேசினார். முதலீட்டாளருக்கு இது நம்பிக்கை தரும் பேச்சு. கேம்பஸ் இண்டர்வியூவுக்குக் காத்திருக்கும் மாணவருக்கு அப்படி இல்லை. அதே ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2% பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்ததும் நினைவிருக்கலாம்.

எச்.சி.எல்.டெக்குக்கு எது பலம்?

ஒன்று, சொந்த சாஃப்ட்வேர். 2019-ல் ஐ.பி.எம். நிறுவனத்திடமிருந்து சுமார் 180 கோடி டாலருக்குச் சில சாஃப்ட்வேர் தயாரிப்புகளை வாங்கியது. இதில் வரும் வருமானம் ஆள் எண்ணிக்கையை நம்பியதல்ல.

இரண்டு, டிவிடெண்ட். 2024-25 நிதியாண்டில் ஒரு பங்குக்கு மொத்தம் 60 ரூபாய் கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு ஒரு பங்குக்குக் கிடைத்த லாபமே சுமார் 64 ரூபாய்தான். லாபத்தில் பெரும்பகுதியைப் பிரித்துக் கொடுத்துவிடும் நிறுவனம் இது. எனவே லாபம் குறைந்தால் டிவிடெண்டும் குறைய வாய்ப்புண்டு. டிவிடெண்டை மட்டும் நம்பி வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

இனி கவனிக்க வேண்டியவை

* ஏ.ஐ.யின் பங்கு: 3 ரூபாய் என்பது ஒவ்வொரு காலாண்டிலும் கூடுகிறதா? கூடினாலும், பழைய வேலைகளில் குறையும் வருமானத்தை அது ஈடுகட்டுகிறதா?

* லாப விகிதம்: 2025-26-க்கு 18-19% என்று சொன்ன இலக்கை நிறுவனம் ஜூலையில் 17-18% ஆகக் குறைத்தது. ஏ.ஐ. முதலீடும் மறுசீரமைப்புச் செலவும் முடிந்த பிறகு பழைய அளவுக்குத் திரும்புகிறதா?

* டாலர் வளர்ச்சி: ரூபாய் கணக்கோடு நிறுத்தாமல் டாலர் கணக்கையும் பாருங்கள்.

* ஊழியர் எண்ணிக்கை: 2025 செப்டம்பர் இறுதியில் சுமார் 2.26 லட்சம் பேர் இருந்தார்கள். இது கூடாமல் வருமானம் மட்டும் கூடினால், புது மாடல் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கடைசி விஷயத்தில்தான் மதுரைக்காரர்களுக்கு இரட்டை நிலை. பங்கு வைத்திருக்கும் அப்பாவுக்கு அது நல்ல செய்தி. வேலை தேடும் மகளுக்குப் போட்டி கூடுகிறது என்ற செய்தி. ஐ.டி.யில் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் சேமிப்பையும் முழுக்க ஐ.டி. பங்குகளிலேயே வைப்பது ஆபத்து என்பதற்கும் இதுவே காரணம். துறை சரிந்தால் சம்பளம், சேமிப்பு இரண்டும் ஒரே நேரத்தில் அடிபடும்.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. முதலீடு செய்யும் முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் கேட்டு முடிவெடுக்கவும்.)