உப்புநீர் பேட்டரிக்கு எத்தனை மதிப்பெண்?



புதுவகை பேட்டரி ஒன்று வந்துவிட்டது, இனி மின்சாரக் கவலையே இல்லை என்ற செய்தி ஆண்டுதோறும் வரத்தான் செய்கிறது. அதன் பின்னாலேயே, கம்பெனியில் பணம் போடச் சொல்பவர்களும், சூரிய ஒளித் தகடும் பேட்டரியும் விற்பவர்களும் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். வெயிலிலும் மழையிலும் பாடுபட்டுச் சேர்த்த காசு நம்முடையது. ஆகவே எதையும் எடைபோட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஓர் உண்மைக் கம்பெனியின் கதையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே விட்டேக்கர் 2008இல் தொடங்கியது அக்வியன் எனர்ஜி என்னும் கம்பெனி. பில் கேட்ஸ் போன்ற பெரும் செல்வர்கள் அதில் முதலீடு செய்தார்கள். திரட்டிய பணம் ஏறக்குறைய 19 கோடி அமெரிக்க டாலர்.

அவர்கள் செய்தது உப்புநீர் பேட்டரி. லாரி பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன அல்லவா? இதில் அவை இல்லை. சோடிய உப்பு கரைந்த நீர், மாங்கனீஸ் ஆக்சைடு, கரி கலந்த ஒரு கலவை, இடையில் பஞ்சுத் துணி போன்ற ஒரு தடுப்பு, இவ்வளவுதான். தீப்பிடிக்கும் அச்சமில்லை, நச்சுமில்லை. பகலில் சூரிய ஒளியில் மின்சாரத்தைச் சேமித்து இரவில் தரும். பாதுகாப்புப் பாடத்தில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அடுத்த பாடம் எடை. அக்வியனின் ஓர் அடுக்கு நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். அதில் அடங்குவது சுமார் 2 யூனிட் மின்சாரம். 2016இல் டெஸ்லா கம்பெனி அறிவித்த வீட்டு லித்தியம் பேட்டரியும் நூறு கிலோவைத் தாண்டியதுதான். ஆனால் அதில் 13.5 யூனிட் அடங்கும்! அசையாமல் ஒரே இடத்தில் கிடக்கும் பேட்டரிக்கு எடை பெரிய குற்றமில்லை என்று வாதிடலாம். ஆனால் ஏற்றுக்கூலியும் இடமும் யார் கணக்கு?

மூன்றாவது வேகம். இது மின்சாரத்தை மெல்ல மெல்லத் தரும் பேட்டரி. இரவு முழுவதும் விளக்கும் விசிறியும் ஓட இது பொருத்தம். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டிக்கு ஓர் அடுக்கு மட்டும் போதாது.

நான்காவது விலை. இங்கேதான் அடி விழுந்தது. லித்தியம் பேட்டரி 2010இல் யூனிட்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. கைப்பேசிக்கும் காருக்கும் பெரிய ஆலைகள் அதை மலைமலையாகச் செய்யவே, 2017இல் சுமார் 200 டாலருக்கு இறங்கிவிட்டது. ஓடுகிற இலக்கைத் துரத்திய சின்னக் கம்பெனி மூச்சிரைத்தது. 2017 மார்ச்சில் அக்வியன் திவால் மனு போட்டது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலை இழந்தார்கள். 19 கோடி டாலர் விழுங்கிய கம்பெனியின் சொத்து ஏறக்குறைய 92 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

பேராசிரியரின் கண்டுபிடிப்பு பொய்யா? இல்லவே இல்லை. 2015இல் அதற்காக அவருக்கு லெமல்சன்–எம்.ஐ.டி. பரிசாக 5 லட்சம் டாலர் கிடைத்தது. பொருள் நல்லதுதான். ஆனால் நல்ல பொருள் வேறு, நிலைத்து நிற்கும் வியாபாரம் வேறு. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே, பேட்டரி விற்க வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை யூனிட் தாங்கும்? ஒரே நேரத்தில் எந்தெந்தச் சாமான் ஓடும்? எத்தனை ஆண்டு உழைக்கும்? பழுதானால் யார் வந்து பார்ப்பார்? பத்தாண்டு உத்தரவாதம் என்று அட்டையில் அச்சடித்தால் போதாது. அந்தப் பத்தாண்டும் கம்பெனி உயிரோடு இருக்க வேண்டும்.

பங்கு வாங்கச் சொல்பவரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: ஆய்வுக்கூடத்தில் ஓடியது இருக்கட்டும், காசு கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர்? பதில் மழுப்பலாக வந்தால், கைப்பணம் கையிலேயே இருக்கட்டும்.