சைக்கிளை விட்டு இறங்கு!

மனித உரிமை ஏதோ பெரிய சபைகளில் பேசும் சங்கதி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1948-இல் ஐக்கிய நாட்டுச் சபை பிரகடனம் செய்வதற்கு ஏழாண்டு முன்பே கிள்ளான் தோட்டத் தொழிலாளர் அதைக் கேட்டுவிட்டனர். 1941 வேலைநிறுத்தத்தில் சீனருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும். துரைக்கு மட்டுமா? கிராணிமாருக்கும் இறங்கத்தான் வேண்டியிருந்தது. (நம் உத்தியோகஸ்த நண்பர்களுக்கு இது கசக்கும்.) கூலி சில காசு கூடியது. மானம் கேட்டதற்கோ, ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஐவர் சுடப்பட்டு மாண்டனர்.

இன்று தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளரின் பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டிவைத்தால், அதுவும் அதே சைக்கிள் விதிதான். அவர்கள் லயத்துக்கும் நாம் சந்தாப் புத்தகத்தோடு போகவேண்டும்.