வெல்டன் கேட்பவன் காட்டானா?

ஸ்டேக் கடையில் ஒருவன் ‘வெல்டன்’ என்று சொன்னதும் மேசையில் ஒரு நமட்டுச் சிரிப்பு எழும். ‘அதுக்கு நீ செருப்பையே திங்கலாமே மச்சான்’ என்பான் இன்னொருவன். சொல்கிறவனும் பெரும்பாலும் மாட்டிறைச்சி வாசற்படி தாண்டாத வீட்டில் பிறந்தவன்தான். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே அதன் ருசி தெரிந்திருக்கும். நாலே வருடத்தில் மீடியம் ரேர் அவனுக்குக் குலப்பெருமை ஆகிவிடுகிறது. சாதியை எதிர்த்துக் கவிதை எழுதுகிறவன் சாப்பாட்டு மேசையில் புதுசாக ஒன்றைப் பெற்றுப்போடுகிறான். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சாப்பிடுவதும் மீடியம் ரேர்தான். ஆகவே இதை வயிற்றெரிச்சல் என்று ஒதுக்க முடியாது.

தட்டில் கசியும் சிவப்பு நீர் ரத்தமே இல்லை. மாட்டை அறுக்கும்போதே ரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. இது தசையில் இருக்கும் நீர். மயோகுளோபின் என்ற புரதம் அதற்கு நிறம் கொடுக்கிறது. ‘ரத்தம் சொட்டச் சொட்ட’ என்று வீரம் பேசுகிறவனுக்கும் முகம் சுளிக்கிறவனுக்கும் இதே பதில்தான். அடுத்த உபதேசம், பெரிய தீயில் வாட்டினால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்பது. 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பிய கருத்து. 1984இல் வந்த தன் நூலிலேயே ஹெரால்டு மெக்கீ அதை உடைத்துவிட்டார். வாட்டுவது மணத்துக்காக. சாறு நிற்பதும் போவதும் உள்ளே ஏறும் வெப்பத்தைப் பொறுத்தது. 55 பாகை செல்சியஸ் அருகில் மீடியம் ரேர். 70ஐத் தாண்டினால் நார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து தள்ளிவிடும். இதில் நாகரிகம் எங்கே வந்தது?

அதுவும் டெண்டர்லாயின் போல அதிகம் உழைக்காத தசைக்குத்தான் இந்தக் கணக்கு. கால் இறைச்சியை 55 பாகையில் சட்டென்று இறக்கினால் ரப்பர்தான். அதிலுள்ள கொலாஜன் இளக மணிக்கணக்கில் வேக வேண்டும். ரெண்டாங் சமைக்கிற மக்சிக்கிடம் போய் ‘ஓவர்குக்’ என்று சொல்லிப் பாருங்களேன்!

நம் ஊர்க் கடைகளில் கூத்து இன்னும் அதிகம். ஸ்டேக் கொதிக்கும் இரும்புத் தட்டில், பிளாக் பெப்பர் சாஸ் தெறிக்கத் தெறிக்க வரும். நண்பர் படம் எடுத்து முடிப்பதற்குள் அது வெந்துகொண்டே போகும். கடைசித் துண்டு கிட்டத்தட்ட வெல்டன். அதையும் ரசித்துத்தான் விழுங்குகிறார். முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், வாட்டினால் செத்துவிடும். ஆனால் மெதுவாக்குவதற்காக ஊசியால் குத்திய இறைச்சியிலும், துண்டுகளை ஒட்டிச் செய்ததிலும் கிருமி உள்ளே போயிருக்கலாம். மலிவான ஸ்டேக்கில் இதெல்லாம் நடக்கும். அங்கே வெல்டன் கேட்கிறவன்தான் புத்திசாலி.

நன்றாக வெந்ததுதான் பிடிக்குமா? கொழுப்பு ஓடிய ரிப்ஐ கேளுங்கள், அது அவ்வளவு சீக்கிரம் வறண்டுபோகாது. யாராவது சிரித்தால், அவர் வீட்டில் இறைச்சி வெப்பமானி இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள்.