சோப்புக் குமிழியை விடுங்கள், ஐயா

போன மாதம் ஒரு வார இதழில் ‘மினிமல் பரப்பு’ பற்றிக் கட்டுரை வந்திருந்தது. இருப்பதிலேயே குறைந்த பரப்பளவு கொண்டது என்று விளக்கம். பக்கத்தில் சோப்புக் குமிழியின் வண்ணப்படம். இரண்டுமே தப்பு. பொதுமக்களுக்கு இது போதும் என்றார் ஒரு நண்பர். போதாது. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு கட்டியவன் நான். மேலே எழுதிய தலைப்பு தப்பானால் உள்ளே இருக்கும் காகிதம் தவறான அலமாரிக்குத்தான் போகும்.

குமிழிக்குள் அடைபட்ட காற்று சவ்வை வெளியே தள்ளுகிறது. அதனால் அது எல்லாப் பக்கமும் ஒரே திசையில் வளைகிறது. மினிமல் பரப்போ ஒரு பக்கம் எவ்வளவு மேலே வளைகிறதோ, குறுக்கே அவ்வளவு கீழே வளையும். கம்பி வளையத்தைச் சோப்பு நீரில் முக்கி எடுத்தால் நிற்கிறதே, அந்தச் சவ்வைப் போல. 1760-களில் லக்ராஞ்ச் கேட்டது குறைந்த பரப்பளவு எது என்றுதான். 1776-ல் மெனியே அது வளைவுகள் ஈடுகட்டும் கணக்கு என்று காட்டினார். பெயர் மட்டும் பழைய கேள்வியோடு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் படித்த எனக்கும் ‘மினிமால்’ என்ற சொல் ரொம்ப நாள் கண்ணைக் கட்டியது.

ஓரமே இல்லாமல் மூடிய மினிமல் பரப்பு நம் சாதாரண வெளியில் கிடையாது. மையத்திலிருந்து மிகத் தள்ளிப் புடைத்திருக்கும் இடத்தில் ஈடுகட்ட எதிர்வளைவு இருக்காது. கோளத்தில் உண்டு. ஆனால் அங்கே ‘மிகக் குறைவு’ என்ற பேச்சே எடுபடாது. பூமத்திய ரேகையைப் பாருங்கள். பூமியின் மேல் அது நேர்க்கோடு. அருகருகே உள்ள இரு ஊர்களுக்கு அதன் வழியே போவதுதான் குறுக்கு வழி. முழு நீளம் 40,075 கிலோமீட்டர். அப்படியே வடக்கே நகர்த்தினால் 60 பாகையில் பாதியாகிவிடும். ஆரஞ்சுப் பழத்தின் நடுவில் ரப்பர் பாண்டு மாட்டி லேசாகத் தள்ளிப் பாருங்கள், தெறித்து ஓடும். பேரன் மாட்டியது இன்னும் அலமாரிக்கு அடியில் கிடக்கிறது.

கோளத்தில் எந்த மூடிய மினிமல் பரப்பும் இப்படித்தான், அசைத்தால் சுருங்க வழி இருக்கிறது என்று 1968-ல் ஜேம்ஸ் சைமன்ஸ் நிரூபித்தார். (பிறகு பங்குச் சந்தையில் கோடி கோடியாகச் சம்பாதித்தாரே, அவரேதான். அதை மட்டும் எல்லோரும் எழுதுகிறார்கள்.)

1970-ல் லாசன் செய்ததையாவது படம் போட்டிருக்கலாம். முப்பரிமாணக் கோளத்தில், பூமத்திய ரேகை போன்ற நான்கு பெருவட்டத் துண்டுகளால் ஒரு சட்டம் கட்டினார். அதில் குறைந்த பரப்பளவுள்ள சவ்வை விரித்தார். ஒவ்வொரு விளிம்பையும் அச்சாக வைத்து 180 பாகை திருப்பினார். துண்டோடு துண்டு மடிப்பே தெரியாமல் சேர்ந்து, கடைசியில் முழுதும் மூடிக்கொண்டது. எத்தனை துளை வேண்டுமோ அத்தனை துளையோடு, தன்னைத்தானே வெட்டாத பரப்பு! துண்டு மட்டும்தான் மிகக் குறைவு, முழுசு அல்ல.

1982-ல் பிரையண்ட் நாற்பரிமாணக் கோளத்துக்குப் போனார். மூடிய ரீமான் பரப்பு எதைக் கொடுத்தாலும், கோணம் மாறாமல் அங்கே மினிமலாக வைக்கலாம் என்று காட்டினார். தன்னைத்தான் வெட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இத்தனை இருக்க, குமிழிப் படமா? ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். ‘குறைந்த’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஈடுகட்டும்’ என்று போடச் சொல்லி.