பழி கையெழுத்தின் மீதா, காகிதத்தின் மீதா?

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவனின் வரலாற்று நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் நீல மை நார் நாராகப் படர்ந்திருந்தது. முன்பக்கத்து எழுத்தும் பின்பக்கத்து எழுத்தும் ஒன்றோடொன்று கலந்து, எது விடை என்றே விளங்கவில்லை. பொறுமையிழந்து, "கையெழுத்தைத் திருத்திக்கொள்" என்று சிவப்பு மையில் எழுதினேன். என் சிவப்பு மையும் படர்ந்தது!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனை அழைத்து, அதே பேனாவால் வேறொரு தாளில் எழுதச் சொன்னேன். எழுத்துகள் முத்து முத்தாக விழுந்தன. குற்றம் அவன் விரல்களில் இல்லை. அவன் வாங்கிய நோட்டில் இருந்தது.

மாணவ நண்பர்களே! நோட்டு வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? அட்டைப் படத்தைப் பார்க்கிறோம், பக்க எண்ணிக்கையைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். ஆண்டு முழுவதும் நாம் எழுதப் போகும் தாளை மட்டும் பார்ப்பதில்லை. மை ஊறாத தாளே நோட்டின் முதல் தகுதி. அதைச் சோதித்து வாங்குவது மாணவரின் உரிமை. அதன் தரத்தை அட்டையிலேயே தெரிவிப்பது தயாரிப்பாளரின் கடமை. இதுவே என் கருத்து. இதற்கான காரணங்களை அறிவியல் நோக்கில் காண்போம்.

தாள் ஏன் மையைக் குடிக்கிறது?

விளக்குத் திரி எண்ணெயை மேலே ஏற்றுவதை நாம் அறிவோம். நூலிழைகளுக்கு இடையேயுள்ள மெல்லிய இடைவெளிகள் நுண்புழைகளாக நின்று எண்ணெயை இழுக்கின்றன. தாளும் ஒரு திரிதான். மரக்கூழிலோ கரும்புச் சக்கையிலோ கிடைக்கும் செல்லுலோஸ் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து உருவானதே தாள். செல்லுலோஸுக்கு நீரின் மீது மிகுந்த நாட்டம் உண்டு. எனவே நீரில் கரைந்த மை அதன் மீது பட்டதும், இழைகளின் இடைவெளி வழியே நாலா பக்கமும் ஓடுகிறது. பக்கவாட்டில் ஓடினால் எழுத்து படர்கிறது. ஆழத்தில் ஓடினால் மறுபக்கம் ஊறுகிறது.

இந்த ஓட்டத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. நுண்புழையில் திரவம் செல்லும் தூரம், காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்திலும், திரவத்தினுடைய பாகுநிலையின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும் என்று எட்வர்ட் வாஷ்பர்ன் என்ற அமெரிக்க வேதியியலார் 1921இல் காட்டினார். பால் பாயிண்ட் பேனாவின் மை, தண்ணீரைவிடப் பல ஆயிரம் மடங்கு பாகுநிலை உடையது. பத்தாயிரம் மடங்கு என்றே கொள்வோம். பத்தாயிரத்தின் வர்க்கமூலம் நூறு. அப்படியானால், மற்றவை சமமாக இருக்கும்போது, மைப்பேனாவின் மை ஓடும் தூரத்தில் நூற்றில் ஒரு பங்கே பால் பாயிண்ட் மை ஓடும். மட்டமான தாளில்கூடப் பால் பாயிண்ட் பேனா ஊறாமல் எழுதுவதன் இரகசியம் இதுதான்.

கஞ்சி போட்ட தாள்

மையின் ஓட்டத்தைத் தாளிலேயே தடுக்க முடியாதா? முடியும். நெசவாளர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து மாணவர்களுக்குச் 'சைசிங்' என்ற சொல் பழக்கமானது. காகித ஆலைகளிலும் அதே பெயரில் ஒரு வேலை நடைபெறுகிறது. இங்கு அதன் நோக்கம், இழைகளுக்கு நீரின் மீதுள்ள நாட்டத்தைக் குறைப்பதாகும்.

பழங்காலத்தில் அரபு நாட்டார் தாளுக்கு மாவுப் பசை பூசினர். இத்தாலியிலுள்ள பாப்ரியானோ நகரத்தார் விலங்குத் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினில் தாளைத் தோய்த்தனர். ஜெர்மானியரான மோரிட்ஸ் இல்லிக் 1807இல் புதிய முறை ஒன்றை வெளியிட்டார். பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் ரோசினைக் கூழிலேயே கலந்து, படிகாரத்தின் உதவியால் அதை இழைகளில் ஒட்ட வைக்கும் முறை அது. கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் படிகாரம், இங்கே ரோசினையும் செல்லுலோஸையும் பிணைக்கும் தரகராக வேலை செய்தது.

ஆனால் அந்தத் தரகர் பின்னாளில் தீங்கும் செய்தார். படிகாரத்தால் தாளில் தங்கிய அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுத்தது. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் அச்சான எண்ணற்ற நூல்கள் மஞ்சளாகி நொறுங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1950களில் அமிலமின்றியே வேலை செய்யும் செயற்கைப் பொருள்கள் வந்தன. அவற்றில் ஒன்றான ஆல்கைல் கீட்டீன் டைமர், தாளின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்தாலே போதும்.

இப்பொருள்கள் செய்வது என்ன? பாதரசம் கண்ணாடி நுண்குழாயில் ஏறாமல் இறங்குவதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சேர்கோணம் 90 பாகையைத் தாண்டினால் திரவம் தானாக நுண்புழைக்குள் ஏறாது. சைசிங் செய்த தாளில் நீரின் சேர்கோணம் உயர்கிறது. துளி பரவாமல் குவிந்து நிற்கிறது. மை மேற்பரப்பிலேயே உலர்கிறது. அதற்காகத் தாமரை இலையைப் போல முற்றிலும் ஒட்டாமல் இருந்தாலும் பயனில்லை. மை உலர நேரமாகி, கைபட்டு இழுவிவிடும். நல்ல தாள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது.

தடிமன் மட்டும் போதுமா?

"கனமான தாளாகப் பார்த்து வாங்கு" என்று பெரியவர்கள் கூறுவார்கள். இது பாதி உண்மையே. வேதியியல் ஆய்வகத்திலுள்ள வடிதாளைத் தொட்டுப் பாருங்கள். அது நோட்டுத் தாளைவிடத் தடித்தது. அதில் ஒரு சொட்டு மை விட்டால் என்ன ஆகும்? நொடியில் படர்ந்துவிடும். வடிகட்டுவதற்கான தாள் என்பதால் அதற்குச் சைசிங் செய்வதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்வோம். ஊறுவது வேறு, தெரிவது வேறு. மை மறுபக்கத்துக்கே வந்து புள்ளியாக நின்றால், அது ஊறுதல், சைசிங் குறைவு. மை வராமல், எழுத்தின் நிழல் மட்டும் தெரிந்தால் தாளின் ஒளிபுகாத் தன்மை குறைவு. தடிமனும், சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்புப் பொருள்களும் இந்த இரண்டாவது குறையைப் போக்கும். முதற்குறையைத் தாமாகப் போக்கா.

கரும்புச் சக்கைத் தாள் மட்டமானது என்ற எண்ணமும் சரியன்று. 1979இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. சக்கையிலிருந்து எழுதவும் அச்சிடவும் ஏற்ற தாளைத் தயாரிக்க முடியும் என்று அது மெய்ப்பித்துள்ளது. மூலப்பொருளைவிட, அதைப் பக்குவப்படுத்தும் முறையே முக்கியம்.

நீங்களே சோதியுங்கள்

நோட்டுகளை மொத்தமாக வாங்கும் முன் ஒன்றை மட்டும் வாங்குங்கள். கடைசித் தாளில், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பேனாவால் நான்கு கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். ஓரிடத்தில் பேனா முனையை இரண்டு நொடி ஊன்றுங்கள். ஒரு நிமிடம் கழித்துக் கோடுகளின் ஓரத்தையும், பின்பு தாளின் மறுபக்கத்தையும் பாருங்கள். தாளின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே மறுபக்கத்திலும் இதையே செய்யுங்கள். சொட்டுக்குழாயால் ஒரு துளி நீர் விட்டு, அது உறிஞ்சப்பட எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். நண்பர்கள் நால்வர் தங்கள் நோட்டுகளை இவ்வாறு ஒப்பிட்டால், எது சிறந்தது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தாளின் எடையையும் அளக்கலாம். பழைய நோட்டிலிருந்து 18 செ.மீ. நீளமும் 24 செ.மீ. உயரமும் உள்ள பத்துத் தாள்களை எடுத்தால், அவற்றின் மொத்தப் பரப்பு 0.432 சதுர மீட்டர். ஆய்வகத் தராசில் அவை 24 கிராம் நின்றால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 56 கிராம் என்று பொருள். அட்டையில் எடை அச்சிட்டிருந்தால், அது உண்மைதானா என்று நீங்களே சரிபார்த்துவிடலாம்!

மறுப்பாளருக்கு விடை

"பால் பாயிண்ட் பேனாவால் எழுதினால் போயிற்று, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இன்று மாணவர் பலர் விரும்பும் ஜெல் பேனாவின் மையும் நீர் கலந்ததுதான். அதுவும் மட்டமான தாளில் ஊறுகிறது. காகிதத்தின் குறைக்காகப் பேனாவை மாற்றுவது, செருப்புக்காகக் காலைச் செதுக்குவது போன்றது.

"நல்ல தாள் என்றால் விலை ஏறுமே, ஏழை மாணவர் என்ன செய்வார்?" என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. 192 பக்க நோட்டு இரண்டு இருப்பதாகக் கொள்வோம். ஒன்று 45 ரூபாய். மை ஊறுவதால் ஒரு பக்கமே எழுத முடியும். மற்றொன்று 60 ரூபாய்; இரு பக்கமும் எழுதலாம். முதல் நோட்டில் எழுதக்கூடிய ஒரு பக்கத்தின் விலை 47 காசு. இரண்டாவதில் 31 காசு. மலிவு என்று நாம் வாங்கியதே விலை உயர்ந்தது! எழுதாமல் விட்ட பக்கங்களுக்காகச் செலவான கூழும் நீரும் மின்சாரமும் தனிக் கணக்கு. அந்த நட்டத்தை முதலில் சுமப்பவர் ஏழை மாணவரே.

ஆகவே, பக்க எண்ணிக்கையையும் விலையையும் அச்சிடுவது போலவே, தாளின் எடையையும், மைப்பேனாவுக்கு ஏற்றதா என்பதையும் நோட்டின் அட்டையில் அச்சிட வேண்டும். ஒரு சதுர மீட்டர் தாள் ஒரு நிமிடத்தில் எத்தனை கிராம் நீரை உறிஞ்சுகிறது என்று அளக்கும் 'காப்' சோதனை ஆலைகளுக்குப் பழக்கமானதுதான். அளக்கத் தெரிந்ததை அறிவிப்பதில் என்ன தயக்கம்?

நம் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படர்ந்த எழுத்தைக் கண்டால், சிவப்பு மையை எடுக்கும் முன் தாளைத் திருப்பிப் பாருங்கள். நான் அன்று அப்படிப் பார்க்கவில்லை. அந்த மாணவனின் நோட்டில் நான் எழுதிய வரியைப் பிறகு அடித்துவிட்டேன். அடித்த கோடும் படர்ந்துதான் போயிற்று.